உப்புக் கரித்த தேக்சா

மாலை மூன்று மணி ஐந்து நிமிடம்.

முதல் வாய் பிரியாணியை எடுத்து வைத்ததும், சமையல் போட்டிக்கு நடுவராக வந்திருந்த ஷாரோன் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் முறை மென்றதும் சிரிப்பு நின்றது. மூன்றாம் முறை மெல்லவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குப் பின்னால் ஓடினார்.

"தண்ணி! யாராவது தண்ணி குடுங்க!"

உத்திரமேரூர் ஏரிக்கரைத் திருவிழாவுக்கு அன்று வந்த கூட்டத்தில் பாதி அந்தப் பிரியாணிக் கடை முன்னால்தான் நின்றது. கைவினைப் பொருள் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்களும் அதில் அடக்கம். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பிரியாணி அண்டாவான தேக்சா எப்போது திறக்கும் என்று காத்திருந்தவர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விழாக் குழுத் தலைவர் வேதகிரி இன்னொரு நடுவர். கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். ஷாரோனின் தட்டிலிருந்து நாலு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தார். அவ்வளவுதான்.

"தூ! இன்னாம்மா சாய்ரா இது? சோறா, உப்பளமா?"

சாய்ரா கையில் தயிர் வெங்காயக் கிண்ணத்தோடு நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். காலையிலிருந்து அடுப்புப் புகையில் நின்ற முகம். அந்த முகத்தில் இருந்த நிறமெல்லாம் ஒரே நொடியில் வடிந்துவிட்டது.

"இல்லண்ணே. நான் ருசி பாத்துட்டுதான தம் போட்டேன்?"

"நீ இன்னா பாத்தியோ! யாரும் கிட்ட போவாதீங்க. மூடியப் போடு. நாலு பேருக்கு வாந்தி பேதின்னா என் தலதான் உருளும். குழி தோண்டிக் கொட்டிடுங்க. இந்தக் கடை போட்டியில இல்ல."

போட்டி என்றால் சும்மா கோப்பைக்கும் கைதட்டலுக்கும் நடக்கிற போட்டி இல்லை. முதல் இடம் பிடிப்பவருக்கு பஸ் ஸ்டாண்டு புதுக் கட்டடத்தில் முகப்புக் கடை, சொந்தப் பெயரில். கடைக்கு இடம் தேடி அலையாய் அலைந்து எங்கேயும் கிடைக்காத சாய்ராவுக்கு இதை விட்டால் வேறு வாசல் கிடையாது. முடிவு ஐந்து மணிக்கு அறிவிப்பதாக ஏற்பாடு.

எதிரே புங்க மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து சப் இன்ஸ்பெக்டர் இளவரசி எழுந்தாள்.

இளவரசிக்கு ஊர் பக்கத்துச் சாலவாக்கம். பந்தோபஸ்து என்று வந்திருந்தாள். மைதானம் முழுக்க நாற்பது கடை இருக்க, அவள் நாற்காலி மட்டும் சரியாக பிரியாணிக் கடைக்கு எதிரே எப்படிப் போய் விழுந்தது என்றால், அதை அவள் மூக்கைத்தான் கேட்க வேண்டும். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி. கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் டோக்கன் வாங்கியிருந்தாள். ஒன்றாம் எண். சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

பசியை விட அவளுக்கு வேறொன்று உறைத்தது. ஒன்றரை மணிக்கு அவள் கண் முன்னால்தான் அந்தத் தேக்சாவுக்கு தம் போட்டார்கள். மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து அப்பினார்கள். மூடி மேல் தணலைக் கொட்டினார்கள். அப்புறம் மூன்று மணி வரை அவள் அங்கிருந்து அசையவில்லை. தேக்சாவை யாரும் தொடவில்லை. மாவு பழுப்பாக வெந்து இறுகி, கத்தியால் தட்டி உடைக்கிற வரைக்கும் ஒரு விரிசல்கூட விடாமல் இருந்தது.

போலீஸ்காரி கண்ணெதிரே, சீல் வைத்த பாத்திரத்துக்குள் உப்பு புகுந்திருக்கிறது! ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

"வேதகிரி அண்ணே, கொட்ட வேணாம். ஒரு மணி நேரம் குடுங்க."

"மேடம், பிரியாணியில உப்பு ஜாஸ்தியாயிட்டதுக்கு எஃப்.ஐ.ஆரா போடப் போறீங்க?"

"ஜாஸ்தி ஆச்சா, ஆக்கினாங்களான்னு பாக்கணும். ஆக்கியிருந்தாங்கன்னா அந்தம்மாவப் போட்டியிலருந்து தூக்கறது நியாயமா?"

வேதகிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"நாலே கால் வரைக்கும்தான். அதுக்கு மேல என்னால தள்ள முடியாது."

அப்போது சாய்ராவின் மச்சான் காசிம் முன்னால் வந்தான். அவளுடைய அக்காள் புருஷன். கடைத்தெருவில் 'காசிம் பிரியாணி' என்று கடை நடத்துகிறவன். காலையிலிருந்து கூடவே நின்று விறகு தூக்கி, தண்ணீர் தூக்கி ஒத்தாசை செய்துகொண்டிருந்தான்.

"இங்க கொட்டினா நாய் கூடிடும் தலைவரே. ஜனங்க வர்ற எடம். நானே வண்டியில ஏத்திக்கினு போயிடறேன், உங்களுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

"முடியட்டும், அப்புறம் ஏத்தலாம்" என்றாள் இளவரசி.

முதலில் சாய்ரா. கடைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட குண்டானின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு எத்தினி வாட்டி போட்ட?"

"ரெண்டு வாட்டி மேடம். மசாலாவுல ஒரு வாட்டி, அரிசி கொதிக்கற தண்ணியில ஒரு வாட்டி. ரெண்டையும் நாக்குல வெச்சுப் பாத்தேன். கரெக்டா இருந்துது."

"யார் கையும் படலியா?"

"கிண்டறது, கொட்டறது எல்லாம் நான்தான். அதுல நான் யாரையும் வுடமாட்டேன்."

"தம் போடறப்போ?"

"அரிசியைப் பரப்பினேன். புதினா தூவினேன். மேல ஈரத்துணி போட்டு, மூடி போட்டு, மாவு அப்பினேன். நீங்கதான் பாத்துக்கினு இருந்தீங்களே."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். துணி போட்டது காசிம். வாளியில் ஊறிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியைச் சொட்டச் சொட்ட எடுத்து வந்து விரித்தான். "பிழிஞ்சிருக்கலாமே மச்சான்" என்று சாய்ரா சொன்னதும், "வெயிலு காயுது, ஈரம் இருக்கட்டும்" என்று அவன் சொன்னதும்கூட இளவரசிக்கு ஞாபகம் இருந்தது. அப்போது அவள் கவனமெல்லாம் புதினா வாசனையில் இருந்தது.

"உன் உப்பு எங்க?"

சாய்ரா டப்பாவை எடுத்துக் காட்டினாள். கல்லுப்பு. முக்கால் டப்பா அப்படியே இருந்தது. இவ்வளவு பெரிய தேக்சாவைக் கரிக்க வைக்கிற அளவுக்கு அதிலிருந்து எதுவும் போயிருக்க முடியாது.

"உனக்கு ஆவாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"என்னைப் பத்தி யாருக்கு மேடம் தெரியும், ஆவறதுக்கும் ஆவாததுக்கும்?" என்றாள் சாய்ரா. அந்தக் குரலில் கோபத்தை விட வேறென்னவோ அதிகம் இருந்தது. என்னவென்று இளவரசிக்கு அப்போது பிடிபடவில்லை.

அடுத்து காசிம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"நான் யாரையும் சொல்லல மேடம். ஆனா பக்கத்துக் கடையம்மா காலையிலருந்தே கறி வாசனை ஆவலைன்னு சண்ட. நடுவுல சேலையக் கட்டி மறைச்சிட்டாங்க. ஒரு மணி வாக்குல எங்க கடைக்குள்ள வேற வந்தாங்க."

"எதுக்கு?"

"உப்பு கேட்டு."

உப்பு என்ற சொல்லை அவன் அழுத்தவில்லை. அழுத்தாமல் சொன்னதே போதுமானதாக இருந்தது. பக்கத்தில் நின்ற நாலு பேர் காதில் விழுந்தது. அந்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்ல எவ்வளவு நேரமாகும்? சேலை மறைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டமும் அந்தப் பக்கம் ஒரு கூட்டமுமாக ஜனங்கள் பிரிந்து நிற்க ஆரம்பித்தார்கள். இளவரசிக்குப் பசி மறந்துபோனது. இந்த மாதிரி இரண்டு கூட்டம் நிற்பதை அவள் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறாள். தன் ஊரில் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு லோடு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் மூக்கை நுழைத்தது. ஓட்டி வந்த விஜய் தலையை வெளியே நீட்டினான்.

"காசிம் பாய்! மூன்றரைக்கு வரச் சொன்னீங்களே, வந்துட்டேன். தேக்சா ரெடியா?"

"இருப்பா, இரு. லேட்டாவும்" என்றான் காசிம்.

"ஜனங்க நடக்கற எடத்துல வண்டியா? ஓரமா போடு!" என்று இளவரசி விரட்டினாள்.

பக்கத்துக் கடை தேவயானி ஐம்பதைத் தாண்டியவள். திருப்புலிவனத்துக்காரி. கோயில் இட்லி என்று சொல்கிற குடலை இட்லி போட்டிருந்தாள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து மாவை ஊற்றி, மணிக்கணக்காக ஆவியில் வேகவிடுகிற பெரிய இட்லி. மிளகும் சுக்கும் நெய்யுமாக அதன் வாசனை வேறு இளவரசியைப் படுத்தியது.

"நான் சுத்த சைவம். கறி வாசனை ஆவலைன்னு சொன்னேன், சேலையும் கட்டினேன். அதுல இன்னா தப்பு?"

"அவங்க கடைக்குள்ள போனீங்களா?"

"போனேன். சட்னிக்கு உப்புத் தீந்துபோச்சு. ஒரு பிடி உப்பு வாங்கிக்கினு வந்தேன். எடுத்துக்கினுதான் வந்தேன் மேடம், போட்டுட்டு வரல!"

"எதையாச்சும் தொட்டீங்களா?"

"கை அலம்பலாம்னு வாளிக்கிட்ட போனேன். அந்தாளு ஓடியாந்து வாளியத் தூக்கிக்கினு போயிட்டாரு. தம் துணி ஊறுதாம், எச்சி கை படக்கூடாதாம். நான் இன்னா எச்சிக் கையோடவா சுத்தறேன்?" தேவயானிக்கு அது இன்னும் ஆறவில்லை.

இளவரசி போகத் திரும்பினாள். தேவயானி குரலைத் தணித்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பொண்ணு சமையலுக்குக் கெடுதல் பண்ண எனக்கு மனசு வராது. நான் கறி திங்கறதில்ல, ஆனா மூக்கு கீதே! தெனம் கோயிலுக்கு அவ வூட்டுத் தெரு வழியாதான் நடந்து போறேன். பத்து மணிக்கு அந்த வூட்டாண்ட ஒரு வாசனை வரும் பாருங்க. மசாலாவக் கருகாம வதக்கறதுக்கு ஒரு கை வேணும். அந்தக் கை அவளுக்கு கீது."

"தெனமா? தெனம் எதுக்கு அவ்ளோ சமைக்கறாங்க?"

"அத நீங்கதான் கேக்கணும். இன்னொண்ணும் பாத்திருக்கேன். கடைத்தெருவுல அந்த காசிம் கடை வாசல்ல ஒரு நாளும் அடுப்பு எரிஞ்சி நான் பாத்ததில்ல."

இளவரசி கடைகளுக்கு நடுவே நடந்தாள். அவளுக்கு யோசிக்க வேண்டுமென்றால் கால் நடக்க வேண்டும். பனையோலை விசிறிக் கடையில் ஒரு அம்மாள் விசிறியை விற்பதை விட்டுவிட்டுத் தனக்கே வீசிக்கொண்டிருந்தாள். மண் பொம்மைக் கடையில் ஒரு குழந்தை குதிரை வேண்டுமென்று தரையில் உருண்டது. பலகையில் கையாலேயே பெயர் எழுதிக் கொடுக்கிற தமிழரசன் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. பங்குனி வெயில் அதையும் சுட வைத்துத்தான் அனுப்பியது.

'உப்பு உள்ளே போக வழி இல்லை. ஆனால் போயிருக்கிறது. அப்படியென்றால் மூடுவதற்கு முன்னாலேயே உள்ளே இருந்திருக்கிறது. மூடுவதற்கு முன்னால் சாய்ரா ருசி பார்த்திருக்கிறாள்.'

அவள் பொய் சொல்கிறாளா? தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள யாருக்கும் பைத்தியமில்லை.

தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். தொப்பிக்குள் சுற்றியிருந்த பட்டை காய்ந்து விறைத்துப்போயிருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. தினம் துவைக்கிற காக்கிச் சட்டையிலும் கக்கத்துக்குக் கீழே அதே கோடுதான். வியர்வை காய்ந்தால் உப்புப் பூக்கும். பத்து வருஷமாகப் பார்க்கிற சங்கதி.

இளவரசி நடையை நிறுத்தினாள். தொப்பியை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு ஒரு போலீஸ் அதிகாரி திருவிழாவில் ஓடக்கூடாத வேகத்தில் பிரியாணிக் கடைக்கு ஓடினாள்.

தேக்சாவுக்குப் பக்கத்தில் அந்தத் துணி சுருட்டிக் கிடந்தது. நடுப்பகுதி இன்னும் ஈரம். மூடிக்கு வெளியே தொங்கி, தணல் சூட்டில் காய்ந்த ஓரம் மட்டும் விறைப்பாக நின்றது. அந்த ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. மூடியைத் திறந்தபோதே அவள் அதைப் பார்த்திருந்தாள். மாவு என்று நினைத்துவிட்டாள். ஆனால் சாய்ரா அப்பியது கோதுமை மாவு. பழுப்பு மாவு காய்ந்து எங்கேயாவது வெள்ளையாகுமா?

விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். முகம் தானாகச் சுளித்தது.

அப்புறம் ஓரமாக நின்ற ஆட்டோவுக்குப் போனாள்.

"தம்பி, உன்னை எப்போ வரச் சொன்னாங்க?"

"மூன்றரைக்குன்னு சொன்னேனே மேடம்."

"அது இல்லப்பா. எப்போ சொன்னாங்க?"

"காலையில. ஏழு மணிக்கெல்லாம் காசிம் பாய் ஃபோன் பண்ணிட்டாரு."

நாலு மணி அடித்திருந்தது.

வேதகிரி, ஷாரோன், தேவயானி, காசிம், சாய்ரா எல்லாரும் தேக்சாவைச் சுற்றி நின்றார்கள். இரண்டு கூட்டமும் வந்துவிட்டது. இளவரசி தட்டு அடுக்கிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்தாள்.

"காசிம் பாய், நீங்க எத்தினி வருஷமா பிரியாணிக் கடை வெச்சிருக்கீங்க?"

"பன்னண்டு வருஷம் மேடம்."

"உங்க கடையில தேக்சாவ எப்படி அள்ளுவீங்க?"

"எப்பிடின்னா?" காசிம் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். "எல்லாரும் அள்ற மாதிரிதான்."

"எல்லாரும் எப்படி அள்ளுவாங்கன்னு எனக்குத் தெரியும். நான் தின்னு வளந்தவ. தட்டை ஓரமா சொருகி, அடிவரைக்கும் வுட்டு, அப்படியே மேல தூக்குவாங்க. அப்பதான் சோறும் மசாலாவும் கறியும் ஒண்ணா வரும். எந்த பாயும் மேலாப்புல அள்ளமாட்டாரு. ஆனா இன்னைக்கு நீங்க ஷாரோன் மேடம் கையில கரண்டியக் குடுத்து இன்னா சொன்னீங்க?"

ஷாரோன் முந்திக்கொண்டார். "மேலாப்புல எடுங்க, ஆவி பறக்கிறது கேமராவுல நல்லா வரும்னு சொன்னாரு."

"அதே."

இளவரசி மூடியைத் தள்ளினாள். தட்டை ஓரமாகச் சொருகி, அடிவரைக்கும் விட்டுத் தூக்கினாள். அடியிலிருந்து வந்த ஆவியில் மசாலா மணத்தது. வேதகிரி "மேடம், வேணாம்" என்று கையை நீட்டினார். அவள் காதில் வாங்காமல் ஒரு வாய் வைத்தாள்.

மென்றாள். இன்னொரு வாய் வைத்தாள். அதற்கப்புறம் வைத்த மூன்றாவது வாய்க்கும் வழக்குக்கும் சம்பந்தம் கிடையாது.

"மேடம், இன்னா ஆச்சு?" என்றார் வேதகிரி.

"சாப்ட்டுப் பாருங்க."

வேதகிரி பயந்து பயந்து ஒரு வாய் வைத்தார். ஷாரோனும் வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷாரோன் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சாய்ரா ஓரடி முன்னால் வந்தாள். "நல்லா கீதா மேடம்?"

"அற்புதமா கீது. மேல நாலு விரக்கடைதான் உப்பு. கீய ஒண்ணும் ஆவல. மேல இருந்து சொட்டினது கீய எறங்கறதுக்குள்ள மேலாப்புச் சோறே குடிச்சிடுச்சி." இளவரசி அந்தத் துணியைத் தூக்கிக் காட்டினாள். "சொட்டினது இதுலருந்து. வாளியில இருந்தது வெறும் தண்ணி இல்ல, கல்லுப்பக் கரைச்ச தண்ணி. பிழியாம சொட்டச் சொட்டப் போட்டாரு. தேவயானியம்மா கை அலம்ப வந்தா வாளியத் தூக்கிக்கினு ஓடினாரு. கை வெச்சிருந்தா பிசுபிசுப்பு தெரிஞ்சிருக்கும்ல? ஆவி ஏற ஏற மேல இருந்து உப்புத் தண்ணி எறங்கியிருக்கு. நான் ஒருத்தி எதிருல உக்காந்து காவல் காத்துக்கினு இருந்தேன்."

"மேடம், உப்புத் துணி எவனாச்சும்..." என்று ஆரம்பித்தான் காசிம்.

"இருங்க, இன்னும் முடியல. உப்புக் கரிக்கற தேக்சாவ யாராச்சும் வேணும்னு கேப்பாங்களா? நீங்க கேட்டீங்க. கொட்டாதீங்க, ஏத்திக்கினு போறேன்னீங்க. சரி, எடம் சுத்தமா இருக்கட்டும்னு சொல்றாருன்னு நெனச்சேன். ஆனா வண்டிக்குக் காலையில ஏழு மணிக்கே சொல்லியிருக்கீங்க. சாயங்காலம் வரைக்கும் கடையில வித்துக்கினு இருக்க வேண்டிய தேக்சாவ, மூணு மணிக்குத் தொறந்து மூன்றரைக்கு ஏத்தணும்னு அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னயே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காசிம் ஆட்டோவைப் பார்த்தான். விஜய் வேறு பக்கம் பார்த்தான்.

"முழுசா கெடுக்க உங்களுக்கு மனசு வரல. பிரியாணிக்காரராச்சே! மேலாப்ப வழிச்சிப் போட்டுட்டு மிச்சத்த எங்கேயோ எறக்கலாம்னு கணக்கு. யாருக்கு?"

காசிம் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டான்.

"நைட்டு ஒரு நிச்சயதார்த்த ஆர்டர் கீது மேடம். அவ இங்க அடுப்பாண்ட நின்னுட்டா அந்த ஆர்டருக்கு யாரு சமைப்பாங்க?" சாய்ராவைப் பார்க்காமலே சொன்னான். "இன்னைக்கி மட்டும் இல்ல. அவ கடை வெச்சிட்டா எனக்குக் கடையே இல்ல."

கூட்டத்தில் சலசலப்பு. யாருக்கும் விளங்கவில்லை. இளவரசி சாய்ரா பக்கம் திரும்பினாள்.

"தெனம் பத்து மணிக்கு உங்க வூட்டுல சமைக்கறது காசிம் கடைக்குத்தான, இல்லையா?"

"நாலு வருஷமா" என்றாள் சாய்ரா. "அக்கா கேட்டாங்கன்னு ஆரம்பிச்சேன். கொஞ்ச நாளைக்குதான்னு சொன்னாங்க. ஊரே மச்சான் கைப்பக்குவம்னு சொல்லும். நானும் அந்தக் கூட்டத்துலயே நின்னு கேட்டுக்கினு இருந்திருக்கேன்." அவள் காசிமைப் பார்த்தாள். "இன்னைக்கி விறகு தூக்கிக் குடுத்தீங்களே மச்சான். நான் சந்தோஷப்பட்டேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். சேலை மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து தேவயானி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வந்த வேகத்தில் மறைப்புச் சேலை ஒரு பக்கம் அவிழ்ந்து விழுந்தது. அதை யாரும் எடுத்துக் கட்டவில்லை.

இளவரசி காசிமை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயே தீருவது என்ற முடிவில் இருந்தாள். "புகார் எழுதிக் குடும்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சாய்ரா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கேஸ் வேணாம் மேடம். எங்க அக்கா வூடு அது. எனக்கு வேற ஒண்ணு வேணும்." மேடைப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்த மைக்குல சொல்லட்டும். யாரு சமைச்சதுன்னு."

காசிம் மேடைக்குப் போக எடுத்துக்கொண்ட நேரத்தில் ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்திருக்கலாம். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான். பக்கத்தில் இளவரசி நின்றாள், தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்ள மட்டும் இல்லை, தைரியத்துக்கும்.

"நான் காசிம். காசிம் பிரியாணி ஓனர்." தொண்டையைச் செருமினான். "நாலு வருஷமா எங்க கடையில நீங்க தின்ன பிரியாணி என் பிரியாணி இல்ல. என் கொழுந்தியா சாய்ரா செஞ்சது. இன்னைக்கி உப்பு போட்டதும் அவ இல்ல, நான்தான். பக்கத்துக் கடையம்மா மேல பழியப் போட்டதும் நான்தான். மன்னிச்சிக்கோங்க."

விசிறிக் கடைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் உரக்கக் கேட்டார்.

"அது சரிப்பா, தேக்சா எப்போ அள்ளுவாங்க? டோக்கன் வாங்கி ரெண்டு மணி நேரமாச்சு!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சாய்ராவும்தான்.

அவள் மேலாப்பு உப்புச் சோற்றை வழித்துத் தனியே ஒதுக்கினாள். சின்னத் தட்டைக் கையில் எடுத்தாள். ஓரமாகச் சொருகினாள். "ஒண்ணாம் நம்பர் டோக்கன் யாருது?" என்று அவள் கூப்பிட்டபோது, மேடையிலிருந்து ஒரு சப் இன்ஸ்பெக்டர் இரண்டாவது முறையாக ஓடி வந்ததை உத்திரமேரூர் பார்த்தது.

ஐந்து மணிக்கு முடிவு அறிவிக்க வேண்டிய வேதகிரி ஐந்தே காலுக்குத்தான் மேடை ஏறினார். அவரும் வரிசையில் நின்றிருந்தார். முதல் இடம் சாய்ரா. இரண்டாம் இடம் தேவயானி. கடைசிக் குடலை இட்லியை வெட்டி ஊர் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்த தேவயானிக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. "என் மூக்கு எப்பவோ சொல்லிடுச்சி" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு காசிம் தயங்கித் தயங்கி வந்து நின்றான். அந்தப் பெரிய தேக்சாவில் இப்போது ஒரு பருக்கை இல்லை.

"நிச்சயதார்த்தக்காரங்க இன்னா பாவம் பண்ணாங்க?" என்றாள் சாய்ரா, அவனை நேராகப் பார்க்காமல். "போயி அரிசிய ஊற வைங்க. இன்னைக்கி ஒரு நாளைக்கு செஞ்சித் தரேன். ஆனா கொண்டு போயி எறக்கறது நானு. யாரு செஞ்சதுன்னு அவங்க கேட்டா பதில் சொல்றதும் நானு."

காசிம் தலையாட்டினான். விறகு மிச்சத்தை அள்ளி ஆட்டோவில் அடுக்கப் போனான்.

சாய்ரா கையைக் கழுவினாள். வெறும் தண்ணீர்தானா என்று வாளிக்குள் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கழுவினாள். பிறகு ஈரக் கையோடு பெயர்ப்பலகைக் கடைக்கு நடந்தாள். தமிழரசன் காதிலிருந்த தூரிகையை எடுத்தார்.

"இன்னா பேர் எழுதணும்மா?"

பின்னால் மண் குதிரை விலை பேசிக்கொண்டிருந்த இளவரசி அதைக் கேட்டுத் திரும்பினாள். சாய்ரா பதில் சொல்ல வாய் எடுத்தாள், நிறுத்தினாள், பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கையால் அளந்து பார்த்தாள்.

"சாய்ரான்னு எழுதுங்க" என்றாள். "பெருசா."